ஈயம் ஆறும் வரை

— போன திங்கட்கிழமை காலையில, தண்ணித் தொட்டி மேட்டு ரோட்டுல, உங்க டிரைவிங் ஸ்கூல் வண்டி எஞ்சின் ஆஃப் ஆனபடியே அடிவாரம் வரைக்கும் இறங்கியிருக்கு, அத்தை.

— அந்த வைஸ் பிடியை இன்னும் ஒரு சுத்து இறுக்கு. டெர்மினல் ஆடுது.

— நான் வேற ஒன்னு சொன்னேன்.

— உன் கேஸ் டார்ச் சத்தத்துல ஒன்னும் விளங்கலைம்மா. வேலையைப் பாரு, பேச்சு அப்புறம்.

— சரி, இந்தக் கேபிளைப் பிடிங்க. நுனியில இல்ல, ஒரு சாண் தள்ளி. நுனி சுடும்.

— இது என்ன ஒயரா, தாம்புக் கயிறா? இதுல மாட்டையே கட்டிப் போடலாம் போல.

— ஆம்ப்ளிஃபயர் இழுக்கிற கரண்டுக்கு இந்தத் தடிமன் வேணும். ஒல்லியா போட்டா சூடேறி உருகிடும். முன்னால பேட்டரியில ஒரு முனை, பின் சீட்டுக்கு அடியில ஆம்ப்ல ஒரு முனை. ரெண்டுலயும் இந்தச் செம்பு டெர்மினலைப் பத்த வச்சுட்டா வேலை முடிஞ்சுது.

— கார் ஆடியோ கடைக்கு லீவு போட்டுட்டு வீட்டு ஷெட்டுல மாமியாருக்கு ஒயர் இழுக்கிற மருமக இந்த ஊர்ல நீ ஒருத்தியாத்தான் இருப்ப, தீக்குச்சி.

— தீக்குச்சின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது.

— ஆளு ஒல்லி, தலைமாட்டுல எப்பவும் நெருப்பு. வேற என்னன்னு கூப்பிடறது?

— கண்ணைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. இப்ப டெர்மினல் வாய் மேல பார்த்து நிக்குதா? நெருப்பை ஈயத்துல காட்டக் கூடாது, செம்புலதான் காட்டணும். செம்பு சூடானா ஈயம் தானா உருகி உள்ள ஓடும். பாருங்க.

— ஓடுது, ஓடுது. பாதரசம் மாதிரி ஆடுது. நிலாவை ஒரு குப்பியில பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு.

— கவிதை போதும். நுனியை உள்ள இறக்குங்க. நேரா, மெதுவா, இன்னும் கொஞ்சம். ம், போதும். இனிமே மூச்சைக் கூட பார்த்து விடுங்க.

— ஏன்?

— ஈயம் ஆறும் வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா மேல பளபளன்னு இருக்கும், உள்ள பிடிச்சிருக்காது. ஒரு குலுக்கல்ல விட்டுடும்.

— வாயால ஊதி விட்டா சீக்கிரம் ஆறுமே.

— ஊதவும் கூடாது, ஈரத்துணியை வைக்கவும் கூடாது. அதுவா ஆறணும். குழந்தை தூங்கற மாதிரி, கூடவே உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான்.

— சரி, உட்கார்ந்திருக்கேன். அடடே, வாசல்ல பாரு. மழை எப்ப வந்துச்சு?

— அத்தை.

— என்ன?

— தகரக் கூரை மேல அரை மணி நேரமா கொட்டிட்டிருக்கு.

— அதான் சொன்னேனே, உன் டார்ச் சத்தத்துல—

— டார்ச்சை அப்பவே அணைச்சாச்சு.

— இந்தக் கேபிள் சாயுதா பாரு.

— முதல்ல திங்கட்கிழமை விஷயம் சொன்னேனே, அப்ப நான் அதைப் பத்தவே வைக்கல. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு பேசினேன். வேணும்னுதான்.

— ஈயம் ஆறிடுச்சா?

— இன்னும் இல்ல. அசையாதீங்க.

— கெட்டிக்காரி. திட்டம் போட்டுத்தான் என் கையில இதைக் குடுத்திருக்க. எழுந்து போகவும் முடியாது.

— பேக்கரியில வேலை பார்க்கிற பொண்ணு எங்க கடைக்கு வந்தா. உங்ககிட்ட ஓட்டக் கத்துக்கிறாளே, அவதான். மேட்டு உச்சியில கிளட்சை டக்குனு விட்டாளாம், எஞ்சின் நின்னுடுச்சாம். சாவியை அணைச்சுட்டுத் திரும்பப் போடலாம்னு பார்க்கறதுக்குள்ள வண்டி சரிவுல உருள ஆரம்பிச்சுடுச்சாம். நீங்க பாட்டுக்கு 'செகண்ட் போடு, ம், இப்ப தேர்ட் போடு'ன்னு சொல்லிட்டே வந்தீங்களாம். அவளும் கிளட்சை மிதிச்ச கால் மிதிச்சபடி, நீங்க சொன்ன கியரை எல்லாம் போட்டுட்டே வந்திருக்கா.

— வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் பொண்ணு.

— உங்ககிட்டயா? கிளாஸ்ல பேசினா ஸ்கேலால முட்டியில தட்டுவீங்கன்னு ஊருக்கே தெரியும்.

— ம். அதனாலதான் அவ்வளவு மெத்துன்னு போயிருக்கு.

— என்னது?

— எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், அப்படி ஒருத்தரும் ஓட்டினதில்ல. மேட்டுல இருந்து பஞ்சு மேல இறங்கற மாதிரி. ரெண்டு பக்கமும் மரம் வந்துட்டே இருக்கு, போயிட்டே இருக்கு. சீட்டுல ஒரு நடுக்கம் கிடையாது. பிறவி டிரைவர்டி இந்தப் பொண்ணுன்னு நினைச்சேன். பாராட்டக் கூட செஞ்சேன்.

— அதையும் சொன்னா. 'பிரமாதம்மா, பிரமாதம்'னீங்களாம். அவ அழுதுட்டாளாம்.

— சந்தோஷத்துல அழறான்னு நினைச்சேன்.

— சிரிக்காதீங்க அத்தை, கேபிள் ஆடுது.

— நீயும்தான் சிரிக்கற.

— அடிவாரத்துல மெயின் ரோடு. எஞ்சின் ஓடலைன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.

— ஆச்சு. ஸ்கூல் வண்டின்னு என் பக்கம் வச்சிருக்கிற தனி பிரேக்குல ரெண்டு காலையும் வச்சு எழுந்தே நின்னுட்டேன். வெள்ளைக் கோட்டுகிட்ட நின்னுச்சு. மூக்குக்கு முன்னால ஒரு லாரி போச்சு. யானை மாதிரி லாரி, ஒரு சத்தமும் இல்லாம, பொம்மையை யாரோ நூல் கட்டி இழுத்துட்டுப் போற மாதிரி போச்சு. அப்பத்தான் சாவியைப் பார்த்தேன்.

— ஆறிடுச்சு. கையை எடுக்கலாம்.

— எடுத்தா நீ விட்டுடுவியா?

— விடமாட்டேன். எப்ப இருந்து இப்படி?

— முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக் கேளு. ம். எப்ப இருந்துன்னா என்ன சொல்றது. ஒரே நாள்லயா போச்சு? கல்யாண வீட்டுல கூட்டம் கலையற மாதிரி, ஒன்னொன்னா சொல்லிக்காம கிளம்பிச்சு. முதல்ல குருவி. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் உன் கொலுசு.

— கழட்டி வச்சுட்டியான்னு கேட்டீங்களே.

— நீ கழட்டலைன்னு காலைப் பார்த்தப்புறம் தெரிஞ்சுது. மெல்லிசு எல்லாம் முன்னாடி போயிடுச்சு, கனம் எல்லாம் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்துச்சு. எஞ்சின் சத்தம்தான் கடைசி விருந்தாளி. போன மாசம் அதுவும் செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுச்சு.

— டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— காட்டினேன், யாருக்கும் சொல்லல. உள்ள நரம்பே போயிடுச்சாம். காது மிஷின் வச்சுப் பார்த்தாங்க. தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டற மாதிரி இருந்துச்சு. சத்தம் வருது, அர்த்தம் வரல. கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரின்னு சொல்லுவாங்களே. எனக்கு யாரும் ஊத்தல, அதுவா அடைஞ்சுக்கிச்சு. உன்கிட்ட ஈயம் இருக்கேன்னு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு.

— மருமக மேல பழி போட இது ஒன்னுதான் பாக்கி. இப்ப நான் பேசறது எப்படிப் புரியுது?

— உதட்டைப் பார்க்கறேன். வண்டியில என் பக்கத்துல ஒரு தனிக் கண்ணாடி இருக்கு பாரு. பின்னால வர்ற வண்டியைப் பார்க்கறேன்னு எல்லாரும் நினைச்சுட்டிருக்காங்க. நான் ஓட்டறவங்க வாயைப் பார்க்கறேன்.

— அந்தப் பொண்ணு வாயைத் திறக்கல.

— திறக்கல. அதான் ஆச்சு.

— உங்க பையனுக்குத் தெரியுமா?

— அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பேசும்போது உதடே பிரியாது, அப்படியே அவங்க அப்பா. காது நல்லா இருந்தப்பவே அவன் சொல்றது எனக்கு விளங்கினதில்ல. வித்தியாசம் தெரியாம ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கோம்.

— மத்தியானம் எல்லாம் தூங்கறீங்களே, அதைப் பத்தி மட்டும் கவலைப்படறார்.

— தூங்கினாத்தானே கேக்குது.

— புரியல.

— கனவுல எல்லாம் கேக்குதுடி. எல்லாமே. நேத்து மத்தியானம் கூட, வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கேன், வெளிய மழை. வைப்பர் கண்ணாடியில தேய்க்கிற சத்தம், அதுவும் ரப்பர் தேஞ்ச வைப்பர், திரும்பி வரும்போது மட்டும் ஒரு கீச்சு. இண்டிகேட்டர் டிக்கு டிக்குன்னு. எல்லாத்துக்கும் அடியில எஞ்சின், நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி, இருக்குன்னே தெரியாம இருக்கு. எங்க போறோம்னு தெரியல. கண்ணாடி பூரா ஆவி. யாரோ விரலால அதுல கோடு போட்டிருக்காங்க. எனக்குக் கேக்கணும்கிறதுக்காகவே எல்லாம் ஓடிட்டிருக்கு. அப்புறம் முழிச்சுடறேன். யாரோ வந்து கதவைச் சாத்திட்டுப் போன மாதிரி ஆயிடுது.

— அதனாலதான் எஞ்சின் மேல மைக்கை ஒட்டச் சொன்னீங்க.

— ம்.

— பாட்டுக் கேக்கணும், நல்லா அதிரணும்னு சொன்னீங்க. பாட்டுக் கேக்கறவங்க கதவுக்கு ஒரு ஸ்பீக்கர் கேப்பாங்க. நீங்க ஒன்னும் வேண்டாம்னுட்டு, சீட்டுக்கு அடியில ஷேக்கர் மட்டும் போதும்னப்பவே எனக்கு உதைச்சுது. அது சத்தம் போடாது, மைக்ல வர்றதை வாங்கி உடம்பைத்தான் ஆட்டும்.

— உடம்புதான் இன்னும் என் பேச்சைக் கேக்குது.

— அதுவும் உங்க சீட்டுக்கு அடியில. சொல்லிக் குடுக்கறவங்க சீட்டுக்கு.

— நான் எப்பவும் உட்கார்ற சீட்டு அதுதானே.

— அப்ப இன்னொரு முனையை நான் பத்த வைக்க மாட்டேன்.

— ஏன்?

— ஏன்னு கேக்கறீங்களா? இது வேலை செஞ்சா எஞ்சின் ஓடுதா நிக்குதான்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும். உடனே நாளைக்கே யாரையாவது கூட்டிட்டு மேட்டுக்குக் கிளம்பிடுவீங்க. பின்னால ஹார்ன் அடிச்சா? குறுக்க ஒரு பிள்ளை கத்திட்டு ஓடி வந்தா? அதுக்கெல்லாம் நான் எங்க மைக்கை ஒட்டறது? ஏதாவது ஆச்சுன்னா அதுல என் கையும் இருக்கும் அத்தை. நல்ல கைன்னு கடையில பேரு எடுத்த கை.

— எஞ்சின் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். நான் கேக்கறது அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்னா அது அவ்வளவு சின்னதா?

— அந்த சீட்டுல இருந்து இறங்கினா நான் யாருன்னு யோசிச்சியா? கூடத்து மூலையில உட்கார்ந்திருக்கிற செவிடி. சாப்பிட்டாச்சான்னு சைகையில கேப்பீங்க. விருந்தாளி வந்தா, அவங்களுக்குக் கேக்காது நீங்க சும்மா பேசுங்கன்னு சொல்லுவீங்க.

— நான் சொல்லமாட்டேன்.

— இன்னைக்குச் சொல்லமாட்ட. ரோட்டைப் பாரும்மா, ரொம்ப தூரம் இருக்கு.

— கோபப்படாதீங்க. எனக்கு ஒரு வழி இருக்கு. இன்னைக்கு உங்க பையன் வந்ததும் நீங்களே சொல்லணும். காது, மேடு, லாரி, எல்லாத்தையும். சொல்றேன்னு சொல்லுங்க, இந்த முனையை முடிச்சுத் தர்றேன். இல்லேன்னா இது இப்படியே தொங்கட்டும்.

— சொல்றேன்.

— சத்தியமா?

— இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பாம போற பழக்கம் எனக்குக் கிடையாது.

— சரி, பிடிங்க. முன்ன மாதிரியே, ஒரு சாண் தள்ளி.

— கையில வியர்வை. இரு, துடைச்சுக்கறேன். சரி, அடுத்தது.

— ஈயம் பிடிக்கிற பசை, ஃப்ளக்ஸ் தடவியாச்சு. சூடாகட்டும். ஓடுது. இறக்குங்க. ம், அப்படித்தான். அசையாதீங்க.

— இந்தப் புகை வாசனை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பலசரக்குக் கடையில சாம்பிராணி மூட்டையைப் பிரிச்ச மாதிரி.

— அது கூடாது, மூச்சுல ஏத்தாதீங்க. ஐயோ.

— என்ன? நான் அசையலையே.

— நீங்க இல்ல, நான். ஸ்லீவை மாட்டாம விட்டுட்டேன்.

— எது?

— இதோ, இந்த ரப்பர் குழாய். சூடு காட்டினா சுருங்கி டெர்மினல் கழுத்தைப் பிடிச்சுக்கும். பத்த வைக்கறதுக்கு முன்னாடியே கேபிள்ல கோத்துத் தள்ளி வைக்கணும். இப்ப ரெண்டு முனையிலயும் டெர்மினல் அகலமா உட்கார்ந்துடுச்சு, எந்தப் பக்கமிருந்தும் நுழையாது.

— சட்டையைப் போட்டுட்டு பனியனைத் தேடற கதை.

— பேச்சு அப்புறம்னு சொன்ன நீங்க இப்பப் பேசவே கூடாது. கடையில புதுசா வர்றவங்க செய்யற தப்பு இது. எனக்கு வந்ததே இல்ல. உங்களோட சண்டை போட்டதுல வந்துடுச்சு.

— பழி போட ஒரு மாமியார் வேணும்னு சும்மாவா சொன்னாங்க. இப்ப என்ன செய்யறது?

— வெட்டி எறியணும். நாலு விரல் நீளம் போச்சு. கேபிள் எட்டாது, ஆம்பைக் கொஞ்சம் முன்னால நகர்த்தி வைக்கிறேன். வெட்டறேன், விலகுங்க.

— பரவாயில்ல. திரும்ப ஒரு தடவை அந்த நிலாவைப் பார்க்கலாம்.

— இந்தத் தடவை முதல்ல ஸ்லீவ். பாருங்க, மாட்டிட்டேன். நீங்களே சாட்சி. டெர்மினல் புதுசு. ஃப்ளக்ஸ். நெருப்பு. ம், இறக்குங்க. இப்ப நான் குனிஞ்சுதான் இருப்பேன் அத்தை, ஈயம் பளபளப்பு மங்கறதைக் கிட்ட இருந்து பார்க்கணும். என் வாய் உங்களுக்குத் தெரியாது. ஒன்னும் பேசமாட்டேன்.

— சரி, நீ பாரு. நான் மழையைப் பார்த்துட்டிருக்கேன்.

— உங்களுக்குக் கேக்காது, அதனாலதான் இப்பச் சொல்றேன். கொஞ்ச நாளா என்கிட்ட கத்திக் கத்திப் பேசறீங்க. சோறு போடும்மான்னாலும் கத்தல், விளக்கை அணைம்மான்னாலும் கத்தல். என் மேல ஏதோ கோபம்னு நினைச்சுக்கிட்டேன். என்ன செஞ்சேன்னு ராப்பகலா யோசிச்சேன். உங்க குரல் உங்களுக்கே எட்டலைன்னு எனக்குத் தோணவே இல்ல.

— எதிர் வீட்டு ஓட்டு மேல விழற தண்ணி துள்ளித் துள்ளி விழுது. ஆயிரம் பேர் வாயசைச்சுப் பேசற மாதிரி இருக்கு. என்ன பேசறாங்கன்னு ரெண்டு நாள் பார்த்தா புரிஞ்சுடும்.

— அந்தப் பொண்ணு வந்து சொன்னதுல இருந்து யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம திரியறேன். உங்க பையன்கிட்ட சொன்னா சாவியைப் பிடுங்கிடுவார், நீங்க என் முகத்துல முழிக்க மாட்டீங்க. சொல்லாம விட்டா ஒரு நாள் யாராவது வந்து என்கிட்ட வேற மாதிரி சேதி சொல்லுவாங்க. நீங்க இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது அத்தை. கத்தினாலும் பரவாயில்ல.

— தாடை அசையுது. ஏதாவது சொல்றியா?

— இல்ல. பாட்டு முணுமுணுத்தேன்.

— என்ன பாட்டு?

— உங்களுக்குப் பிடிக்காத பாட்டு. ஆறிடுச்சு, விடுங்க. ஸ்லீவை இழுத்து விட்டு ஒரு சூடு காட்டினா போதும். பார்த்தீங்களா, எப்படிக் கவ்விக்கிச்சு.

— புடவைத் தலைப்பை இழுத்துச் செருகின மாதிரி இருக்கு.

— நான் கேபிளை உள்ள இழுத்து மாட்டறேன். டிரைவர் பக்கத்துக் கால்மிதிக்கு அடியில விட்டுடறேன், உங்க பக்கம் வர வேண்டாம், நீங்க ஏறி உட்காருங்க. மழை உங்க மேல சாரல் அடிக்குது.

— உட்கார்ந்துட்டேன். காலை நீட்டிக்கிட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்கேன்.

— ஆம்ப்ல மாட்டியாச்சு. பேட்டரியில மாட்டியாச்சு. ஃபியூஸ் கடைசியா. போட்டுட்டேன். பொசுங்கல, நல்ல சகுனம். டிரைவர் சீட்டுல நான் ஏறறேன். கண்ணாடியில என் வாய் தெரியுதா?

— தெரியுது. பல்லுல ஏதோ ஒட்டியிருக்கு.

— சாவியைத் திருப்பறேன்.

— இரு.

— என்ன?

— ஒன்னுமில்ல. திருப்பு.

— திருப்பிட்டேன் அத்தை. ஓடுது. வருதா? ஏதாவது சொல்லுங்க. வால்யூமைக் கூட்டட்டுமா?

— வேண்டாம். தொடாதே.

— வருதா இல்லையா?

— வந்துடுச்சு. முதல்ல இடுப்புல. இப்ப முதுகுத் தண்டு வழியா ஏறுது. தோள்ல வந்து உட்கார்ந்துடுச்சு. பக்கத்துல யாரோ படுத்துத் தூங்கற மாதிரி, அவங்க மூச்சு நம்ம மேல படற மாதிரி. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரைக் கொடு. ம். விடு. ம். ஒரு சிலிண்டர் தடுமாறுது, தெரியுதா?

— எனக்குத் தெரியல.

— பழைய தடுமாற்றம். நாலு பேர் நடக்கும்போது ஒருத்தன் மட்டும் நொண்டுவான். அவனை விட்டுட்டு வந்துட்டேன்னு நினைச்சேன். இருக்கான்.

— அத்தை, அழறீங்களா?

— பிரமாதம்மா, பிரமாதம்.

— அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன மாதிரியே சொல்றீங்க.

— வண்டியை வெளிய எடு. ஒரு சுத்து போயிட்டு வரலாம்.

— இந்த மழையிலயா?

— மழையிலதான்.

— வைப்பர் கீச்சுங்குது.

— திரும்பி வரும்போது மட்டுமா?

— ஆமா, திரும்பி வரும்போது மட்டும்.

— நல்லது. அதை மாத்தாதே. இப்ப செகண்ட் போடு, எஞ்சின் அழுவுது.

— போட்டேன்.

— விட்டுட்டே வா. இன்னும். இப்ப தேர்ட்.

— கண்ணை மூடிட்டே சொல்றீங்க. ஒரு நொடி கூடத் தப்பல. நான் காதால கேட்டு மாத்தறதைவிட நீங்க முதுகால கேட்டுச் சரியா சொல்றீங்க. என்னத்தைச் செஞ்சு வச்சிருக்கேன் நான்.

— தெரு முனை வருது, எஞ்சின் இறங்குது. நீ பிரேக்கைத் தொட்டிருக்க. செகண்ட்.

— அத்தை, பின்னால பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான். விடாம அடிக்கிறான்.

— நல்லா போகுது.

— அத்தை, கேக்குதா? ரோட்டோரத்துல எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. கண்ணைத் திறங்க. அத்தை.

— தேர்ட்.

— சரி, போயிட்டுப் போறான். ஓரமா ஒதுங்கறேன். ஒதுங்கி நிறுத்தறேன். அத்தை, தோளைத் தொடறேன், பயப்படாதீங்க.

— ஏன் நிறுத்தின?

— இப்ப ஒரு பஸ் நம்மளைத் தாண்டிப் போச்சு. அவ்வளவு நேரம் ஹார்ன் அடிச்சான். உங்களுக்குத் தெரிஞ்சுதா?

— இல்ல.

— அதுக்கு எந்த ஒயரை இழுக்கறது, சொல்லுங்க. நான் மோசமா பத்த வச்சிருக்கணும். ரெண்டாவது முனையை வெட்டினப்பவே விட்டிருக்கணும்.

— உனக்கு மோசமா செய்யத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உன்கிட்ட கேட்டேன்.

— புகழ்ந்து பேசி என்னைச் சாய்க்காதீங்க. நாளைக்குக் காலையில அந்தப் பேக்கரிப் பொண்ணு கிளாஸுக்கு வருவாளா?

— அவ பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்கூலுக்கு மாறிட்டா.

— பயந்துட்டா. அவ தப்பிச்சா. மத்தவங்க?

— நீ என் முகத்தைப் பார்க்காம ரோட்டைப் பாரு. மழை விடுது.

— ரோடு நிக்குது அத்தை, நாமும் நிக்கறோம். இங்கயே சொல்லுங்க. உங்க பையன்கிட்ட சொல்றேன்னீங்களே, அதைச் சொல்லி முடிச்சதும் மறுநாளும் இந்த சீட்டுல உட்கார்ந்துட்டு யாருக்காவது 'செகண்ட் போடு'ன்னு சொல்லத்தான் போறீங்களா? உங்க கண்ணாடியில என் வாயைப் பாருங்க. நான் கேக்கறது புரியுதா?

— புரியுது. நிதானமா கேளு, உதட்டைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டா எழுத்து அழிஞ்சுடுது.

— சரி, நிதானமாவே கேக்கறேன். அதுக்கு முன்னாடி ஒன்னு. கேபிளை டிரைவர் பக்கத்துல பெடலுக்குப் பின்னால கையை விட்டு, பார்க்காமலே இழுத்திருக்கேன். உங்க பிரேக்கோட ராடு அங்கதான் வருது. அதுல உரசினா ரப்பர் தேஞ்சு பத்திக்கும். உங்க பக்கத்து பிரேக்கை ஒரு தடவை மிதிங்க, உரசுதான்னு பார்த்துடறேன்.

— மிதிக்க ஒன்னும் இல்லம்மா. அதை நேத்து சாயங்காலமே மெக்கானிக் வந்து ராடோட கழட்டி எடுத்துட்டுப் போயிட்டான், ஸ்கூலை மூடறேன்னு மேட்டுல இறங்கின மறுநாள் செவ்வாய்க்கிழமையே ஆர்டிஓ ஆபீசுல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.